மனசு சரியில்லையா? முதலில் எழுந்து முகம் கழுவுங்கள்!

தூக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் வலி, எந்நேரமும் களைப்பு என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் அதே வலியோடு மறுபடி வருவார்கள். உள்ளே இருப்பது மனச்சோர்வு என்பது அவர்களுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

கோவாவில் இப்படிப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஓர் ஆய்வு நடந்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மறு பாதிக்கு அதோடு சேர்த்து ஆலோசனையும் உண்டு. ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, உளவியலில் பட்டம் வாங்கியவர்களும் இல்லை. அந்த வட்டாரத்திலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். ஆறிலிருந்து எட்டு முறை சந்திப்பார்கள். பேச்சில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. முன்பெல்லாம் பிடித்துச் செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்? அதில் எதை இந்த வாரம் திரும்ப ஆரம்பிக்கலாம்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அடுத்த முறை பார்க்கும்போது, செய்ய முடிந்ததா, செய்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அளந்து பார்த்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவிகிதம் பேர் தேறியிருந்தார்கள். மற்ற பிரிவில் 39 சதவிகிதம். டாக்டர் விக்ரம் படேலும் கோவாவின் 'சங்கத்' அமைப்பும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

கடுமையான மனச்சோர்வில் இருப்பவர்களையே பிடித்தமான சின்ன வேலைகள் இந்த அளவுக்குத் தூக்கி நிறுத்துகின்றன என்றால், எல்லோருக்கும் அவ்வப்போது வந்துபோகும் வாட்டத்துக்கு அவை எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு சொல், மகனின் மதிப்பெண், அடைபடாத கடன், காரணமே தெரியாத ஒரு திங்கட்கிழமை. இதற்கெல்லாம் நாம் கையில் எடுக்கும் மருந்து யோசனைதான். உட்கார்ந்து யோசிக்கிறோம், படுத்துக்கொண்டு யோசிக்கிறோம். அதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஒதுங்க ஒதுங்கப் பெருகும்

மனசு சோர்ந்த மனிதர் முதலில் செய்வது ஒதுங்குவது. போன் அடித்தால் எடுப்பதில்லை. குளியல் பத்து மணிக்குத் தள்ளிப் போகும், பிறகு மதியத்துக்கு. சாயங்கால நடை நிற்கும். நண்பர் வீட்டு விசேஷத்துக்கு 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றையும் தவிர்க்கும் அந்த நிமிடத்தில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அன்றாடச் சந்தோஷங்கள் எல்லாம் ஒளிந்திருந்தது அந்த வேலைகளில்தான். குளித்து முடித்ததும் வரும் தெளிவு, நடக்கையில் எதிர்ப்படும் தெரிந்த முகம், விசேஷ வீட்டில் யாரோ அடிக்கும் கேலி. எல்லாம் போய்விட்டால் நாள் வெறுமையாகிறது. வெறுமையான நாள் சோர்வைக் கூட்டுகிறது. சோர்வு கூடினால் இன்னும் ஒதுங்குகிறோம்.

இந்தச் சுழலை விளக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் பீட்டர் லெவின்சன். 1970-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய சகாவும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மனிதர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய 320 காரியங்கள் அதில் இருக்கின்றன. நண்பர்களோடு காபி குடிப்பது, துவைத்த துணி உடுத்துவது, அழகான இடத்தைப் பார்ப்பது, இரவு நன்றாகத் தூங்குவது, நல்ல காற்றைச் சுவாசிப்பது என்று போகும். போன ஒரு மாதத்தில் இவற்றில் எதை எத்தனை முறை செய்தீர்கள், எவ்வளவு பிடித்திருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். துவைத்த துணிக்கு ஒரு விஞ்ஞானப் பட்டியலில் இடம் கிடைத்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அந்தப் பட்டியலிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறையின் வழியில்தான் கோவாவின் ஆலோசகர்களும் பேசினார்கள்.

2016-ல் இங்கிலாந்தில் 440 பேரிடம் இதே முறையை, எண்ணங்களைச் சீர்செய்யும் புகழ்பெற்ற உளவியல் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். அந்தச் சிகிச்சையைத் தந்தவர்கள் அனுபவமுள்ள நிபுணர்கள். செயலில் இறங்கவைக்கும் முறையைத் தந்தவர்கள் இளநிலைப் பணியாளர்கள். பலன் எந்த விதத்திலும் குறையவில்லை. செலவுதான் குறைந்தது.

உற்சாகம் வந்தால் எழுந்து வேலை பார்க்கலாம் என்று நாம் நினைக்கிறோம். சோர்ந்த மனசில் அது தலைகீழாக நடக்கிறது. எழுந்து எதையாவது செய்தால், கொஞ்சம் பொறுத்து, உற்சாகம் பின்னாலேயே வருகிறது. செய்யத் தொடங்கும்போது பிடிக்காது. பாதி வரைக்கும்கூடப் பிடிக்காமல் இருக்கலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்து யோசிப்பது எவ்வளவு கெடுதல் என்பதற்கு ஒரு நிலநடுக்கம் சாட்சி. 1989 அக்டோபரில் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் குலுங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் 'மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள்' என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா தற்செயலாகக் கேட்டு வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடி சந்தித்தார். தன் சோர்வையே திரும்பத் திரும்ப அலசும் பழக்கம் உள்ளவர்கள்தான் ஏழு வாரம் கழித்தும் அதிகம் வாடிப்போயிருந்தார்கள்.

'கோயிலுக்குப் போயிட்டு வா'

நம் வீடுகளில் முகம் வாடியிருந்தால் மூன்று யோசனைகள் வரும். 'மனசைத் தைரியமா வச்சுக்கோ' என்பது ஒன்று. 'எல்லாம் சரியாயிடும்' என்பது அடுத்தது. அன்போடு சொல்லப்படுபவைதான், ஆனால் கேட்கிறவர் கையில் பிடித்துக்கொள்ள அவற்றில் எதுவும் இல்லை. மூன்றாவதாக வீட்டுப் பெரியவர்கள் சொல்வது, 'குளிச்சிட்டுக் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வா.' 

இதைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். கோயிலுக்குப் போக வேண்டுமானால் முதலில் குளிக்க வேண்டும். துவைத்த புடவையோ வேட்டியோ உடுத்த வேண்டும். தலை வார வேண்டும். வாசலைத் தாண்டித் தெருவில் நடக்க வேண்டும். வழியில் பூக்காரம்மா 'என்னக்கா, ரொம்ப நாளா காணோம்?' என்பார். உள்ளே போனால் வெயில் ஏறிய கல் பாதத்தைச் சுடும், மண்டபத்துக்குள் அதே கல் குளிரும். பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றினால் அதுவே ஒரு நடைப்பயிற்சி. கற்பூர வாசனை, மணிச் சத்தம், நெற்றியில் விபூதியின் குளிர்ச்சி. கிளம்பும் முன் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். அந்த உட்காரலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதிர்ஷ்டமிருந்தால் தொன்னையில் சுண்டல்.

சாமி கும்பிடுகிறவருக்கு இதற்கு மேலும் கிடைக்கும். அது அவரவர் நம்பிக்கை. கும்பிடாதவருக்குக்கூட அந்த ஒரு மணி நேரத்தில் லெவின்சன் பட்டியலில் இருந்து நாலைந்து காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். நாகூர் தர்காவின் முற்றத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடற்கரைக்கு நடப்பவருக்கும் நடப்பது இதுவேதான். பெரியவர்கள் ஆய்வு செய்துவிட்டுச் சொல்லவில்லை. தங்கள் துக்கங்களை அப்படிக் கடந்தவர்கள் அவர்கள்.

இதே போன்ற நடைமுறைப் புத்தி வேறு ஊர்களிலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு கிராமத்துப் பாதிரியாராக இருந்தவர் சிட்னி ஸ்மித். 1820 பிப்ரவரி 16 அன்று, மனவாட்டத்தில் இருந்த ஜார்ஜியானா மார்பெத் என்ற சீமாட்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். இருபது யோசனைகள் சொன்னார். லேசாகக் குளிரும் தண்ணீரில் குளிக்கச் சொல்கிறார். உட்காரும் அறையைப் பார்க்க அழகாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். கணப்பில் தீ நன்றாக எரியட்டும் என்கிறார். டீயும் காபியும் உடம்பை என்ன செய்கின்றன என்று கவனிக்கச் சொல்கிறார். சோர்வை நண்பர்களிடம் மறைக்க வேண்டாம் என்கிறார், உங்களிடமே ரொம்பக் கடுமையாக நடந்துகொள்ளாதீர்கள் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது, வாழ்க்கையை அடுத்த வேளைச் சாப்பாடு அல்லது டீ வரைக்கும் மட்டும் பார்த்தால் போதும் என்று அவர் சொல்லும் இடம். ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சோர்ந்த மனசு ஒருநாளும் நல்ல பதில் சொல்லாது. மூன்று மணிக்கு டீ போடலாமா என்ற கேள்விக்கு அந்த மனசால்கூடப் பதில் சொல்ல முடியும்.

கவிதையையும் இசையையும் தவிர்க்கச் சொல்கிறார் அவர். இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி பஸ்ஸில், விளக்கெல்லாம் அணைந்தபின் டிரைவர் ஓடவிடும் இளையராஜா பாட்டில் எத்தனை பேருடைய பாரம் இறங்கியிருக்கிறது! சோகப் பாட்டாகவே இருந்தாலும், நம் துக்கத்தை வேறொருவரும் அறிந்திருக்கிறார் என்ற துணை அதில் கிடைக்கிறது. ஒரே பாட்டை இருட்டறையில் இருபது தடவை கேட்பது மட்டும் வேண்டாம். அது அலசலின் இன்னொரு வடிவம்.

கைக்கு வேலை

எங்கள் தெருமுனையில் பூ கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்த ஒரு மாதத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். 'வீட்ல இருந்தா தலை வெடிச்சிடும்ணே. இங்க கை ஓடிக்கிட்டே இருக்கும்' என்றார்.

அவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நனைத்த வாழைநாரின் ஒரு நுனி கால் கட்டைவிரலில். இரண்டு மல்லி மொட்டு இந்தப் பக்கம் பார்க்க, இரண்டு அந்தப் பக்கம் பார்க்க, காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரை ஒரு சுற்று சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு இழுக்கிறார். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிர்ந்துவிடும். கண் வேறெங்கோ இருந்தாலும் விரலுக்கு அந்த அளவு தெரிகிறது. சரம் ஒரு முழம் ஆனதும் முழங்கையில் அளக்கிறார். வாசனை விரலில் ஏறி சாயங்காலம் வரை நிற்கிறது. செய்து முடித்த ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது.

இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதில்லை. மனசுக்கு இதம் தருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அனுபவிப்பது. இன்னொன்று, ஒரு காரியத்தை முடித்தோம் என்ற திருப்தி. சோர்வில் இருப்பவருக்கு முதலாவது உடனே வேலை செய்வதில்லை. பிடித்த பாயசம்கூட மண்ணாகத் தெரியும் நாட்கள் உண்டு. அப்போது இரண்டாவது கைகொடுக்கும். கீரை ஆய்வது, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவது, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவது, மொட்டை மாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போடுவது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். முடிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அலையும் மனசைக் கட்டிப்போடவும் கைவேலை உதவலாம். 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்றில், 2,250 பேரிடம் பகலில் அவ்வப்போது செல்போன் வழியாக 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது' என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதி நேரம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது.

ஆறுதல் போலத் தெரிபவை

சோர்ந்த நேரத்தில் கை தானாக நீள்வது செல்போனுக்கு. ரீல்ஸ் ஓட ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் போனது தெரியாது. வலி மரத்துப்போகும், உண்மை. நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்து வலி, கழுவாத பாத்திரம், இன்னொருவருடைய சந்தோஷத்தைப் பார்த்த ஏக்கம் எல்லாம் சேர்ந்து நிற்கும். குடியும் இப்படித்தான், இன்னும் மோசமாக. மதுவே மூளையின் வேகத்தைத் தாழ்த்தும் பொருள். இரவில் சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, மறுநாள் காலையை இன்னும் இருட்டாக்கிவிடும். கவலையை மறக்க என்று டாஸ்மாக் போகிறவரின் வீட்டில் அந்தக் கவலை இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது.

எது ஆறுதல், எது ஏமாற்று என்று பிரிக்க எளிய வழி உண்டு. ஆரம்பிக்கும் முன் மனசுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். முடித்து அரை மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதி வந்தால், உங்களுக்கு எது உதவுகிறது என்பது தெரிந்துவிடும். வேறு யாருடைய பட்டியலும் தேவைப்படாது.

யாருக்கு நேரம் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த விஷயத்தை எழுதுவது நியாயமில்லை. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். வீட்டில் எல்லோருக்கும் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரை அடுப்பு மேடையிலேயே மறந்து, ஆடை படிந்தபின் ஒரே மடக்கில் குடிக்கும் அம்மாக்களை நமக்குத் தெரியும். அவர்களிடம் போய் 'உனக்குப் பிடித்ததைச் செய்' என்று சொன்னால் எப்போது செய்வார்கள்?

ஆண்களுக்கு ஊருக்கு ஊர் டீக்கடை பெஞ்ச் இருக்கிறது. ஆட்டோக்காரரோ கொத்தனாரோ ஆபீஸ் குமாஸ்தாவோ, சாயங்காலம் ஒரு டீயும் பேப்பரில் மடித்த வடையுமாக அங்கே கால் மணி நேரம் உட்காரலாம். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெண்களுக்குக் குழாயடியும் திண்ணையும் ஆற்றங்கரையும் அப்படிப்பட்ட இடங்களாக இருந்தன. வேலையின் நடுவே வந்த ஓய்வுதான், ஆனாலும் அங்கே பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, அழுதால் துடைக்க ஒரு கை இருந்தது. அடுக்குமாடி வீட்டில் குழாய் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. அது பெரிய வசதி, மறுக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு இடம் எதையும் நாம் அமைத்துத் தரவில்லை.

வேலை முடிந்து ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாலை அரை மணி நேரம் அவருடையது என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வது எந்த ஆலோசனையை விடவும் பெரிய உதவி. அந்த நேரத்தில் அடுப்பைக் கணவரோ பிள்ளைகளோ பார்த்துக்கொள்ளலாம். அவர் பாட்டு கேட்கட்டும், தையல் போடட்டும், தங்கைக்குப் போன் பேசட்டும், ஒன்றுமே செய்யாமலும் இருக்கட்டும்.

எழவே முடியாத நாளில்

இன்னும் ஒரு நிலை இருக்கிறது. பூவும் கோலமும் பாட்டும் எங்கோ தூரத்தில் இருப்பவை போலத் தோன்றும். அந்த நாளில் இலக்கைச் சுருக்குங்கள். ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது, ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது, சட்டை மாற்றுவது. இதில் ஒன்றைச் செய்தால் அன்றைக்குப் போதும். முடிந்தால் காலை வெயிலில் பத்து நிமிடம் நில்லுங்கள். உடம்பின் தூக்கக் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லு' என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவரால் சொல்ல முடியாது. 'ஆறு மணிக்கு வர்றேன், செருப்பை மாட்டிக்கோ, முக்கு வரைக்கும் போயிட்டு வருவோம்' என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். வழியில் அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே இருந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அது சின்ன ஆறுதல்களால் மட்டும் தீரக்கூடியதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல மருத்துவம் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய நோய் அது. மருந்து இருக்கிறது, பேச்சு சிகிச்சை இருக்கிறது. தற்கொலை எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரம் வரை காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையமான 'சிநேகா'வின் எண் 044-24640050. இந்த மூன்றையும் இப்போதே உங்கள் செல்போனில் பதிந்து வையுங்கள். தேவைப்படும் அன்று எண்ணைத் தேடும் தெம்புகூட இருக்காது.